ஹை இம்பீடன்ஸ் பஸ்பார் புரொடெக்ஷன்: ஒன்பதாவது பே சேர்க்கும்போது பழைய செட்டிங் போதுமா?

பே_ஒன்பது

வணக்கம். 220 கேவி டபுள் மெயின் பஸ், எட்டு பே (பஸ்ஸோடு இணையும் லைன் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் பிரிவு), ஒரு பஸ் கப்ளர் (இரு பஸ்ஸையும் இணைக்கும் பிரேக்கர்). பஸ்பார் புரொடெக்ஷன் ஹை இம்பீடன்ஸ் வகை, அதாவது எல்லா சிடியும் (மின்னோட்ட மாற்றி) பேரலலாகச் சேர்ந்து, பெரிய ரெசிஸ்டரோடு தொடரில் இருக்கும் ஒரு ரிலேக்குப் போகும். இரண்டு ஜோனுக்கும் (பஸ்ஸுக்கு ஒன்று) செக் ஜோனுக்கும் (இரு பஸ்ஸையும் ஒன்றாகப் பார்த்து டிரிப்பை உறுதிசெய்வது) தனித்தனி சிடி கோர் உண்டு. இப்போது ஒன்பதாவது பே வருகிறது.

பழைய சிடி: 1600/1, பிஎக்ஸ் கிளாஸ் (பாதுகாப்புக்கான சிடி வகை), நீ பாயின்ட் (சிடி சாச்சுரேட் ஆகத் தொடங்கும் வோல்டேஜ்) 500 வோல்ட், சுருள் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம். பேனலில் இருந்து அதிக தூரம் 100 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். ரிலே இயங்கும் செட்டிங் 200 வோல்ட்.

புதிய சிடி: அதே 1600/1, நீ பாயின்ட் 800 வோல்ட், சுருள் ரெசிஸ்டன்ஸ் 8 ஓம். பேனலுக்கு 150 மீட்டர். ஸ்விட்ச்கியர் ரேட்டிங் 40 கேஏ.

ரேஷியோ ஒன்றாக இருக்கிறது, நீ பாயின்டும் பழையதைவிட அதிகம், அதனால் செட்டிங்கைத் தொட வேண்டாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. சரியா?

---

நீபாயின்ட்

சரியில்லை. பே சேர்த்தாலே கணக்கை முதலில் இருந்து போட வேண்டும்.

வெளியே ஃபால்ட் வரும்போது அந்த பேயின் சிடி முழுதாகச் சாச்சுரேட் ஆகிவிட்டது (இரும்புக்கரு காந்தத்தால் நிரம்பி செகண்டரிக்கு மின்னோட்டம் தராத நிலை), மற்ற சிடிகள் சரியாக வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்வதுதான் இந்த முறைக்கு அடிப்படை. சாச்சுரேட் ஆன சிடி வெறும் சுருள் ரெசிஸ்டன்ஸாக நிற்கும். மற்ற சிடிகளின் மொத்த மின்னோட்டமும் அந்தச் சுருள் வழியாகவும் அதன் போக்குவரவு கேபிள் வழியாகவும் ஓடும். அப்போது ரிலேயின் இரு முனையிலும் எழும் வோல்டேஜைவிட செட்டிங் அதிகமாக இருக்க வேண்டும்.

ஸ்டெபிலிட்டி வோல்டேஜ் = செகண்டரி ஃபால்ட் மின்னோட்டம் × (சுருள் ரெசிஸ்டன்ஸ் + போக்குவரவு கேபிள் ரெசிஸ்டன்ஸ்)

40 கேஏ என்றால் செகண்டரியில் 25 ஆம்பியர். 2.5 சதுர மில்லி செம்பு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 75 டிகிரிக்கு 1.216 மடங்கு.

பழைய பே: கேபிள் 1.80 ஓம். 25 × 6.80 = 170 வோல்ட். 200 வைத்தது சரி.
புதிய பே, அதே 2.5 கேபிள்: 2.70 ஓம். 25 × 10.70 = 267.5 வோல்ட்.

200-லேயே விட்டால் 200 ÷ 10.7 = 18.7 ஆம்பியர், அதாவது பிரைமரியில் சுமார் 30 கேஏ வரைதான் ஸ்டெபிலிட்டிக்கு உத்தரவாதம். அதற்கு மேல் புதிய ஃபீடரில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஃபால்ட் வந்து சிடியும் சாச்சுரேட் ஆனால், லைனில் வந்த ஃபால்ட்டுக்குப் பஸ் முழுதும் டிரிப் ஆகும்.

அடுத்த சிக்கல் இன்னும் முக்கியம். செட்டிங்கை 275-க்கு ஏற்றினால் நீ பாயின்ட் அதன் இரு மடங்கு, 550 வோல்ட் வேண்டும். புதிய சிடிக்கு 800 இருக்கிறது. பழைய சிடிகளுக்கு 500-தான். பஸ்ஸுக்குள் ஃபால்ட் வந்தால் ரிலே வேகமாகவும் உறுதியாகவும் இயங்கத்தான் அந்த இரு மடங்கு. புதிய பேயின் தேவைக்குப் பழைய எட்டு பேயின் சிடியும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

---

கமிஷனிங்_220

இங்க செட்டிங்க நோண்டறதுக்கு முன்னாடி கேபிள மாத்தற வழியப் பாருங்க. புது பே தானே, கேபிள் இன்னும் இழுத்திருக்க மாட்டீங்க.

4 சதுர மில்லி, கிலோமீட்டருக்கு 4.61 ஓம்: 75 டிகிரியில போக்குவரவு 1.68 ஓம். 25 × 9.68 = 242 வோல்ட்.
6 சதுர மில்லி, 3.08 ஓம்: 1.12 ஓம். 25 × 9.12 = 228 வோல்ட்.
4 சதுர மில்லியில ரெண்டு கோர் பேரலல்: 0.84 ஓம். 25 × 8.84 = 221 வோல்ட்.

6 போட்டா 240 வைக்கலாம். ரெண்டு மடங்கு 480, பழைய சிடியோட 500-க்குள்ள வந்துடுது. வெறும் 4 போட்டா 242 வோல்ட்டே வேணும், 250 வெச்சா 500-ல முட்டி நிக்கும், கையில ஒண்ணும் இருக்காது.

மார்ஷலிங் பாக்ஸ் (யார்டுல கேபிள் எல்லாம் சேர்ற பெட்டி) டெர்மினல் 6 சதுர மில்லிய ஏத்துக்குமான்னு முன்னாடியே பாருங்க. சில டிஸ்கனெக்டிங் டெர்மினல்ல 6 ஏறும், லக் போட்டா ஏறாது. அப்படின்னா ரெண்டு கோர் வழி நல்லது. ஆனா ரெண்டு கோரையும் ரெண்டு முனையிலயும் தனித்தனியா டைட் பண்ணணும். ஒண்ணு லூஸானா வெளியில எதுவும் தெரியாது, கணக்கு மட்டும் தப்பாயிடும்.

---

எண்முறை

இப்போது உண்மையான ஃபால்ட் லெவல் எவ்வளவு? 28 கேஏ என்றால் 17.5 × 10.7 = 187 வோல்ட். 200-க்குக் கீழே. எதையும் மாற்றத் தேவையில்லையே.

---

நீபாயின்ட்

இன்றைக்குச் சரி. ஆனால் பஸ்பார் புரொடெக்ஷன் செட்டிங்கை வருடாவருடம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு உற்பத்தி நிலையமோ கூடுதல் டிரான்ஸ்ஃபார்மரோ வந்தால் 28 கேஏ 33 ஆகும், ரிலே பேனலுக்கு அந்தச் செய்தி வராது. பிரேக்கர் ரேட்டிங்கைத் தாண்டி ஃபால்ட் லெவல் போக விடமாட்டார்கள், அதனால் அந்த 40 கேஏவை வைத்துக் கணக்கிட்டால் ஸ்விட்ச்கியர் இருக்கும்வரை ஸ்டெபிலிட்டி செல்லும். கேபிள் சைஸை ஏற்றி அதைச் சாதிக்க முடிகிறபோது இன்றைய ஃபால்ட் லெவலில் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மின்னோட்டத்தின் டிசி பகுதி, எக்ஸ் பை ஆர் (ரியாக்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் விகிதம்) இவை இந்தக் கணக்கில் வராது. சிடி முழுச் சாச்சுரேஷனில் இருப்பதாகத்தான் ஏற்கெனவே எடுத்திருக்கிறோம். ஹை இம்பீடன்ஸ் முறையின் பெரிய பலம் இதுதான்.

---

பே_ஒன்பது

நன்றி சார். 6 சதுர மில்லி, 240 வோல்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரிலே மின்னோட்ட வகை, எண்முறை ரிலே, செட்டிங் 0.2 ஆம்பியர். ரிலேயோடு தொடரில் இருக்கும் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டரும் மாறுமா? கனமான ஃபீடரின் லோடு 800 ஆம்பியர்.

---

நீபாயின்ட்

கட்டாயம் மாறும். 200 வோல்ட்டுக்கு 1000 ஓம் இருந்திருக்கும். இப்போது 240 ÷ 0.2 = 1200 ஓம். எண்முறை ரிலேயின் பர்டன் (ரிலே தானே எடுக்கும் சுமை) மிகக் குறைவு, அதைக் கழிக்காமல் விடலாம். பழைய எலெக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேயாக இருந்தால் விட முடியாது: 1 விஏ பர்டன் என்றால் 1 ÷ 0.04 = 25 ஓம் கழிய வேண்டும்.

அடுத்து பிரைமரி ஆபரேட்டிங் கரன்ட். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ரிலே 0.2 ஆம்பியரில் இயங்கும் என்பதால் பிரைமரியில் 320 ஆம்பியர் என்று நினைத்துவிடக் கூடாது. பேரலலில் இருக்கும் ஒவ்வொரு சிடியும் 240 வோல்ட்டில் மேக்னடைசிங் கரன்ட் எடுக்கும். மெட்ரோசில்லும் (அதிக வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் டிஸ்க்) கொஞ்சம் எடுக்கும்.

ஒரு ஜோனில் அதிகபட்சம் ஒன்பது பே, கப்ளர், ஆக 10 சிடி. உங்கள் மேக்னடைசிங் கர்வில் 240 வோல்ட்டில் 12 மில்லி ஆம்ப் என்று வைப்போம். உண்மையான எண்ணை டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருந்து எடுங்கள். மெட்ரோசில் சி மதிப்பு 900, பீட்டா 0.25 என்றால்:

0.52 × (240 × 1.414 ÷ 900)-இன் நான்காம் அடுக்கு = 10.5 மில்லி ஆம்ப்

1 ஆம்பியர் சிடிக்கு செட்டிங் வோல்டேஜில் இது 30 மில்லி ஆம்பைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை.

மொத்தம்: 0.2 + 0.120 + 0.0105 = 0.3305 ஆம்பியர். × 1600 = 529 ஆம்பியர்.

இது 800 ஆம்பியர் லோடைவிடக் குறைவு. அந்த ஃபீடரின் சிடி சர்க்யூட் எங்காவது திறந்துகொண்டால் ஜோன் ரிலே லோடிலேயே இயங்கும். செக் ஜோன் வேறு கோரில் இருப்பதால் டிரிப் போகாது, ஆனால் ஒரு தடுப்பை ஏற்கெனவே இழந்துவிட்டோம். ஆபரேட்டிங் கரன்டை 1000 ஆம்பியருக்கு உயர்த்துவதற்கு, ரிலே, ரெசிஸ்டர் இரண்டுக்கும் சேர்த்துப் பேரலலாக ஷண்ட் ரெசிஸ்டர் போடலாம்:

1000 ÷ 1600 = 0.625. 0.625 − 0.3305 = 0.2945 ஆம்பியர். 240 ÷ 0.2945 = 815 ஓம்.

ஜோனில் நான்கு சிடி மட்டும் இருக்கும் நாளையும் பாருங்கள். மேக்னடைசிங் 48 மில்லி ஆம்பாகக் குறையும், ஆபரேட்டிங் கரன்ட் 885 ஆம்பியர். அப்போதும் 800-க்கு மேல்தான். மறுபுறம், குறைந்தபட்ச ஃபால்ட் கரன்டில் 30 சதவீதத்துக்குள் 1000 ஆம்பியர் அடங்குகிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச ஃபால்ட் 6 கேஏ இருந்தால் தாராளம்.

---

கமிஷனிங்_220

மெட்ரோசில்ல சும்மா விட்டுடாதீங்க. பஸ் ஃபால்ட்ல எல்லா சிடியும் சேர்ந்து இந்த ரெசிஸ்டருக்குள்ள கரன்ட தள்ளும்போது பீக் வோல்டேஜ் பயங்கரமா ஏறும்.

பீக் = 2 × √(2 × நீ பாயின்ட் × (ஃபால்ட் வோல்டேஜ் − நீ பாயின்ட்))

ஷண்ட் இல்லாம: 25 × (9.12 + 1200) = 30,228 வோல்ட். நீ பாயின்ட் 800-ன்னு எடுத்தா பீக் 13.7 கேவி.
ஷண்ட் சேர்த்தா மொத்தம் 485 ஓம். பீக் 8.6 கேவி.

3 கேவி தாண்டினாலே மெட்ரோசில் வேணும். ரெண்டு கணக்கிலயும் தாண்டுது. கேபிள், டெர்மினல், ரிலே இன்சுலேஷன் எல்லாத்தையும் காப்பாத்தறது அதுதான். வெடிச்ச டிஸ்க்கோ கருகின வாஷரோ இருந்தா உடனே மாத்துங்க.

ரெசிஸ்டர் வாட்டேஜும் பாக்கணும். 0.2 ஆம்பியர், 1200 ஓம், தொடர்ந்து ஓடினா 48 வாட். ஃபால்ட் நேரத்துல அரை வினாடிக்கு அதவிட நூறு மடங்கு தாங்கணும். வயர் வவுண்ட் ரெசிஸ்டர்தான் போடணும். ஸ்லைடர் வெச்ச ரெசிஸ்டர்னா கமிஷனிங்ல ஓம் அளந்து பூட்டி, பெயின்ட் மார்க் போடுங்க. பக்கத்துல பிவிசி வயர் உரசாம இருக்கணும்.

---

பே_ஒன்பது

ஷண்ட் போட்டால் சிடி சூப்பர்விஷன் (சிடி சர்க்யூட் திறந்ததைக் கண்டுபிடிக்கும் ரிலே) செட்டிங் பாதிக்குமா?

---

நீபாயின்ட்

பாதிக்கும், நல்ல கேள்வி. பிரைமரியில் 25 ஆம்பியரோ, மிகச் சிறிய ஃபீடர் ரேட்டிங்கில் 10 சதவீதமோ, எது பெரிதோ அதில் சூப்பர்விஷன் ரிலே இயங்க வேண்டும் என்பது வழக்கம். 25 ஆம்பியர் செகண்டரியில் 15.6 மில்லி ஆம்ப். ரிலே, ரெசிஸ்டர், ஷண்ட் 485 ஓம். அதற்குப் பேரலலாக மற்ற சிடிகளின் மேக்னடைசிங் இம்பீடன்ஸ், சிறிய வோல்டேஜில் 2 கிலோ ஓம் என்று வைத்தால், மொத்தம் 390 ஓம். பஸ் வயரில் 6 வோல்ட்தான் வரும். ஷண்ட் இல்லாதபோது கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்திருக்கும். பழைய செட்டிங் 10 வோல்ட்டில் இருந்தால் இனி 25 ஆம்பியருக்கு அது கண் திறக்காது.

டைம் டிலே 3 வினாடி. இயங்கியதும் அலாரம் கொடுத்து, அந்த ஜோனின் பஸ் வயர்களை ஷார்ட் செய்து, டிரிப்பையும் தடுக்க வேண்டும். ஷார்ட் செய்வது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல: திறந்த சிடி மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர் சூடேறிக் கெடும்.

---

எண்முறை

இத்தனை வேலையையும் பார்க்கும்போது லோ இம்பீடன்ஸ் எண்முறை ரிலேக்கு மாறுவதே மேல் என்று தோன்றுகிறது. ரேஷியோ வேறுபட்டாலும் மென்பொருளில் சரிசெய்யலாம், மெட்ரோசில் வேண்டாம், ஐசொலேட்டர் (பே எந்த பஸ்ஸில் சேர வேண்டும் என்று மாற்றும் சுவிட்ச்) கான்டாக்ட் வழியாக சிடி கரன்டை மாற்றவும் வேண்டாம். ஸ்லோப்பை (ரிலே இயங்கத் தேவையான டிஃபரன்ஷியல், பயாஸ் விகிதம்) 0.65-இல் இருந்து 0.8-க்கு ஏற்றிவிட்டால் ஸ்டெபிலிட்டியும் கிடைத்துவிடும்.

---

பஸ்கப்ளர்

கடைசி வாக்கியம் தவறு. ஸ்லோப்பை மட்டும் நம்பக் கூடாது.

டிஃபரன்ஷியல் என்பது எல்லா மின்னோட்டங்களின் வெக்டர் கூட்டல், பயாஸ் என்பது அளவுகளின் கூட்டல். வெளி ஃபால்ட்டில் 10 கேஏ உள்ளே வருகிறது, வெளியேறும் சிடி முழுதாகச் சாச்சுரேட் ஆகி பூஜ்யம் காட்டுகிறது என்று வையுங்கள். டிஃபரன்ஷியல் 10, பயாஸும் 10. விகிதம் 1. உள் ஃபால்ட்டிலும் அதே 1. எந்த ஸ்லோப்பும் இரண்டையும் பிரிக்காது. பிரிப்பது சாச்சுரேஷன் டிடெக்டர்: வெளி ஃபால்ட்டில் முதல் சில மில்லி செகண்டுகள் சிடி சரியாக வேலை செய்யும், அப்போது பயாஸ் மட்டும் எகிறும், டிஃபரன்ஷியல் பின்னால்தான் வரும். உள் ஃபால்ட்டில் இரண்டும் ஒன்றாக எகிறும். அதனால் கவனிக்க வேண்டியது, உங்கள் சிடி சாச்சுரேட் ஆகாமல் எத்தனை மில்லி செகண்ட் தாங்கும், ரிலே எத்தனை கேட்கிறது என்பது. ஹை இம்பீடன்ஸில் விட்டுவிட்ட டிசி பகுதியும் மிச்சக் காந்தமும் இங்கே கணக்கில் வந்துவிடும்.

ஸ்லோப்பை ஏற்றுவதற்கு விலையும் உண்டு. பஸ் ஃபால்ட்டின்போதும் ஒரு பே வழியாகக் கரன்ட் வெளியேறலாம். ஒன்றரை பிரேக்கர் அமைப்பிலும், இரு நிலையங்களுக்கு இடையே பேரலல் லைன் இருக்கும் இடத்திலும் இது நடக்கும். 10 கேஏ உள்ளே வரும்போது 0.65 ஸ்லோப்பில் 2.1 கேஏ வரை வெளியேறினாலும் ரிலே இயங்கும். 0.8-இல் 1.1 கேஏ தாண்டினாலே இயங்காது.

---

எண்முறை

சரி, ஸ்லோப் வாதத்தை விடுகிறேன். ஐசொலேட்டர் வாதம் நிற்கிறது அல்லவா?

---

பஸ்கப்ளர்

நிற்கிறது, ஆனால் கான்டாக்டின் முக்கியத்துவம் குறைவதில்லை. இரண்டு முறையிலும் விதி ஒன்றுதான்: ஐசொலேட்டர் மூடும்போது, மெயின் கான்டாக்டுக்கு இடையே ஆர்க் எழும் முன்பே 'மூடியது' என்ற செய்தி வந்துவிட வேண்டும். திறக்கும்போது மெயின் கான்டாக்ட் நன்றாகப் பிரிந்த பிறகுதான் 'திறந்தது' என்று வர வேண்டும். எண்முறையில் 'திறந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை மூடியதாகவே எடு' என்று லாஜிக் வைப்பார்கள். கான்டாக்ட் இரண்டும் செய்தி தராவிட்டால், கான்டாக்டுக்கான டிசி போய்விட்டதா என்றும் ரிலே தெரிந்துகொள்ள வேண்டும். டிசி போயிருந்தால் கடைசியாகத் தெரிந்த நிலையை வைத்துக்கொண்டு அலாரம் தர வேண்டும். லோடை ஒரு பஸ்ஸில் இருந்து மற்றதற்கு மாற்றும்போது இரண்டு ஐசொலேட்டரும் மூடியிருக்கும் சில நிமிடங்களில் இரு ஜோனும் ஒரே ஜோன். அப்போது எங்கே ஃபால்ட் வந்தாலும் இரு பஸ்ஸும் டிரிப் ஆகத்தான் வேண்டும், அது தவறான இயக்கம் அல்ல.

கப்ளரில் ஒரே பக்கம் சிடி இருந்தால் சிடிக்கும் பிரேக்கருக்கும் நடுவே ஒரு டெட் ஜோன் உண்டு. அங்கே ஃபால்ட் வந்தால் ஃபால்ட் இல்லாத பஸ் முதலில் டிரிப் ஆகும், கப்ளரும் திறக்கும், ஃபால்ட்டுக்கு மற்ற பஸ் தொடர்ந்து ஊட்டும். எண்முறையில் கப்ளர் திறந்த பின் அதன் சிடியை இரு ஜோன் கணக்கில் இருந்தும் எடுத்துவிடுவார்கள்; உடனே மற்ற ஜோன் ஃபால்ட்டைப் பார்த்து டிரிப் செய்யும். மூடும்போது இதற்கு நேர்மாறு: பிரேக்கர் கான்டாக்டுக்காகக் காத்திருக்காமல், குளோஸ் கமாண்ட் வந்த கணமே சிடியைச் சேர்த்துவிட வேண்டும். ஹை இம்பீடன்ஸில் இந்த வசதி இல்லை என்றால் கப்ளரின் எல்பிபிதான் (பிரேக்கர் வழியாக கரன்ட் நிற்காவிட்டால் அடுத்துள்ள பிரேக்கர்களைத் திறக்கும் பாதுகாப்பு) அந்த ஃபால்ட்டைத் தீர்க்கும்.

---

பே_ஒன்பது

எல்பிபி டைமர் எவ்வளவு?

---

நீபாயின்ட்

பிரேக்கர் கரன்டைத் துண்டிக்க 60 மில்லி செகண்ட், கரன்ட் டிடெக்டர் ரீசெட் 20, டிரிப் ரிலே 10, மார்ஜின் 60. ஆக 150. பழைய மெதுவான பிரேக்கர் என்றால் 200. ரீசெட் நேரத்தைக் கவனியுங்கள்: பிரேக்கர் திறந்த பிறகும் சிடி செகண்டரியில் மெதுவாகத் தேயும் டிசி கரன்ட் ஓடும், சாதாரண ஓவர்கரன்ட் எலிமென்ட் அதைக் கண்டு ரீசெட் ஆகாமல் நிற்கும். கரன்ட் செட்டிங் 0.2 ஆம்பியர் பொதுவாகப் போதும்.

---

கமிஷனிங்_220

கமிஷனிங்ல விடக் கூடாததச் சொல்லிடறேன்.

பஸ் சர்வீஸ்ல இருக்கும்போது புது சிடிய பஸ் வயர்ல சேக்கறதுக்கு முன்னாடி அந்த ஜோன், செக் ஜோன் ரெண்டோட டிரிப் லிங்கையும் எடுங்க, லாக் அவுட் ரிலேக்குப் போற பாசிட்டிவ் கழண்டிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க. அந்த நேரம் பஸ்ஸுக்குப் பாதுகாப்பு இல்ல, ரிமோட் ஜோன் 2 (லைனோட எதிர்முனை ஸ்டேஷன்ல இருக்கற டிஸ்டன்ஸ் ரிலே, கொஞ்சம் தாமதமா இயங்கும்) தான் காப்பு. அதனால கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டு வேலைய முடிச்சுக் கொடுங்க.

எர்த் ஒரே இடத்துலதான் இருக்கணும், ரிலே பேனல்ல. புது பேயோட மார்ஷலிங் பாக்ஸ்லயும் யாராவது பழக்கத்துல எர்த் லிங்க் போட்டிருப்பாங்க, அத எடுங்க. ரெண்டு எர்த் இருந்தா கிரவுண்ட் ஃபால்ட்ல யார்டுக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் ரிலே வழியா ஓடும். லோடுல எல்லாம் சரியாத்தான் தெரியும். ஃபால்ட் வர்ற அன்னிக்குத்தான் தப்பு டிரிப் ஆகும். எர்த்த கழட்டி இன்சுலேஷன் அளந்தா ரெண்டாவது எர்த் உடனே மாட்டும்.

பொலாரிட்டி: மேக்னடைசிங் கர்வ், ரேஷியோ, ரெசிஸ்டன்ஸ் எடுத்த பிறகு பிரைமரி இஞ்செக்ஷன். புது பேல இருந்து பழைய ஒரு பே வழியா 100 ஆம்பியர் விட்டா செகண்டரி 62.5 மில்லி ஆம்ப். பொலாரிட்டி சரின்னா ரிலே முனையில வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். அடுத்து ஒரு சிடிய வேணும்னே ரிவர்ஸ் பண்ணி அதே கரன்ட விடுங்க, வோல்டேஜ் தெளிவா ஏறணும். ஏறலைன்னா சரின்னு முடிவு பண்ணாதீங்க: பஸ் வயர் எங்கயோ ஷார்ட்ல இருக்கு, அதனாலதான் முதல்லயும் பூஜ்யம் காட்டிருக்கு.

சிடிக்கு டேப் இருந்தா 1600 டேப்லதான் இருக்கான்னு பாருங்க. நடு டேப்ல கனெக்ட் பண்ணா ஃபால்ட்ல முழுச் சுருள்ல வோல்டேஜ் பெருகும். மெட்ரோசில் அந்தப் பகுதியக் காப்பாத்தாது.

---

பே_ஒன்பது

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். செக் ஜோன் கோரின் சுருள் ரெசிஸ்டன்ஸ் 9.5 ஓம் என்று நேம் பிளேட்டில் பார்த்தேன். அதற்கும் 240 வோல்ட் போதுமா?

---

நீபாயின்ட்

25 × (9.5 + 1.12) = 265.5 வோல்ட். போதாது. இரண்டு கோர் 6 சதுர மில்லி போட்டாலும் 251 வரும், சுருளே 237 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. கேபிளால் தீராது. செக் ஜோனுக்குத் தனியாக 270 வோல்ட் செட்டிங், 1350 ஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். பழைய பேக்களின் செக் ஜோன் கோர் நீ பாயின்ட் 540-க்கு மேல் இருக்கிறதா என்று டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதுவும் 500 என்றால் புதிய சிடியின் செக் கோரை 8 ஓமுக்குள் கேட்டு வாங்க இன்னும் நேரம் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.